வீட்டில இருந்து வேலை எண்டு ஈமெயில் வந்திருக்கு, காசு கேக்கேல்ல, பேங்க் அக்கவுண்ட் மட்டும்தான் கேக்கிறாங்கள். குடுக்கலாமா?

கடற்கரைவீதி (வெள்ளவத்தை)

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி ஏ லெவல் எழுதிப்போட்டு ரிசல்ட் வரும்வரைக்கும் வீட்டில நிக்கிறா, ஏதோ வேலை வெப்சைட் ஒண்டில சீவி போட்டிருக்கிறா, இப்ப அவவுக்கு ஒரு ஈமெயில் வந்திருக்கு. வெளிநாட்டு பர்னிச்சர் கொம்பனியாம், இலங்கையில பேமெண்ட் அசிஸ்டன்ட் தேவையாம், ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம், மாசம் 85,000 ரூபா, அதுக்கு மேல 5 வீதம் கமிஷன். இண்டர்வியூ கிடையாது. வேலை என்னண்டா கஸ்டமர்மார் போடுற காசு அவட அக்கவுண்டுக்கு வருமாம், அவ தன்ட கமிஷனை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவங்கள் சொல்ற இடத்துக்கு போடவேணுமாம்.

எனக்கு குழப்பம் என்னண்டா ஒரு சதமும் கட்டச் சொல்லேல்ல. ஏமாத்துற ஆக்கள் எண்டா முதல்ல ரெஜிஸ்ட்ரேஷன் பீஸ், ட்ரெய்னிங் பீஸ் எண்டு ஏதாவது கேப்பாங்கள்தானே. இவங்கள் கேக்கிறது அக்கவுண்ட் நம்பர், பிராஞ்ச், ஐசி (அடையாள அட்டை) ரெண்டு பக்கமும் போட்டோ, ஐசியை கையில பிடிச்சபடி ஒரு செல்பி. அம்மா சொல்றா, காசு கேக்காட்டி எங்களுக்கு என்ன நட்டம், குடுத்துப் பாக்கட்டும் எண்டு. அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

கிளியரிங் மாமா (தெஹிவளை)

குடுக்க வேண்டாம். அம்மாவிட்டயும் இதை வாசிச்சுக் காட்டுங்கோ.

நான் பேங்கில இருந்து ரிட்டயர் பண்ணின ஆள். காசு கேக்காத ஈமெயிலுக்குத்தான் நான் கூடப் பயப்பிடுவன். பீஸ் கேக்கிறவன் உங்கட ரெண்டாயிரத்தோட போயிடுவான், இவனுக்குத் தேவை உங்கட தங்கச்சிட பேர். அந்தக் கஸ்டமர்மார் எண்டு சொல்லுறது ஆர் எண்டு நினைக்கிறீங்கள்? குருநாகலிலயோ கண்டியிலயோ இன்னொருத்தன் ஏதோ லொத்தர் விழுந்திருக்கு, பார்சல் வந்திருக்கு எண்டு நம்பி காசு போடுறான். அந்தக் காசு நேரா கள்ளன்ட அக்கவுண்டுக்குப் போனா அவன் பிடிபடுவான். அதால நடுவில ஒரு பிள்ளைட அக்கவுண்ட். தங்கச்சி 95 வீதத்தை அடுத்த இடத்துக்கு தள்ளிவிட்ட பிறகு, ஏமாந்த மனுசன் பொலிசுக்குப் போவான், பொலிஸ் பேங்கில கேக்கும், பேங்க் குடுக்கிற முதல் பேரும் அட்ரசும் தங்கச்சிடது. அவட ஐசி கொப்பி, அவட கையெழுத்து, அவட போன் நம்பர். மற்றப் பக்கத்தில ஒரு ஜிமெயில் அட்ரஸ் மட்டும்.

முந்தி இதே வேலையை செக்கில செய்தவங்கள். அமெரிக்காவில செக் உண்மையா கிளியர் ஆக முதலே பேங்க் காசை எடுக்க விடும், சட்டம் அப்பிடி, அதால போலி செக்கை போட வச்சு, கிடைச்ச காசை அனுப்ப வச்சு, செக் திரும்பி வரேக்க ஆள் மாட்டுப்படும். இங்க வெளிநாட்டு செக் போட்டா கலெக்ஷனுக்குப் போய் கிழமைக்கணக்கா கிடக்கும், அதால அந்த விளையாட்டு இங்க அவ்வளவு ஓடாது. இங்க ஓடுறது செஃப்ட்ஸ் எண்ட ஒன்லைன் ட்ரான்ஸ்ஃபர். ஒரு பேங்கில இருந்து இன்னொரு பேங்குக்கு நிமிசத்தில காசு போகும், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எண்டாலும் போகும். நல்ல வசதிதான், நானும் பாவிக்கிறன். ஆனா போன காசை நான் அனுப்பேல்ல எண்டு இழுத்து எடுக்க ஏலாது.

ரெண்டாம் குறுக்குத் தெரு (புறக்கோட்டை)

மாமா செல்லியது நூத்துக்கு நூறு சரி. எங்கட பக்கத்து கடைல வேல செஞ்ச பொடியன் ஒருத்தன்ட கதைய செல்றன். ஈமெயில்ல வந்த வேல தான், "லோக்கல் ஏஜென்ட்" எண்டு. மூணு நாலு தரம் சல்லி வந்திச்சி, கமிஷன் எடுத்துக்கிட்டு மிச்சத்த ஏடிஎம்ல எடுத்து இன்னொரு அக்கவுண்டுக்கு மெஷின்ல போட்டான். பொறவு ஒரு நாள் பெட்டால டீ குடிக்க கார்ட் போட்டா வேல செய்யல்ல. அவன்ட சம்பளம், உம்மா குடுத்து வெச்ச சல்லி, எல்லாம் அதுக்குள்ள. பேங்குக்கு போனா கவுண்டர்ல ஒண்டும் செல்ல மாட்டேங்கிறாங்க, மனேஜர பாருங்க எண்டு மட்டும் செல்றாங்க. கடசில சிஐடில ஸ்டேட்மென்ட் குடுத்து, லோயருக்கு கட்டி, எங்கட ஹாஜியார் கேரண்டி நிண்டு... அவன் எடுத்த கமிஷன விட லோயர் பீஸ் பல மடங்கு. பொடியன் கள்ளன் இல்ல, எனக்கு தெரியும். ஆனா பேப்பர்ல அவன்ட பேர் தானே ஈக்கி.

சும்மா சொல்றேன் (கொட்டாஞ்சேனை)

எல்லாத்தையும் ஃபேக்குன்னு சொல்லிட்டா எப்பிடிங்க. எனக்கும் ஈமெயில் வந்துச்சு, டெலிகிராம்ல சேர சொன்னாங்க, யூடியூப் வீடியோ லைக் பண்ணி ஸ்க்ரீன்ஷொட் போட்டா ஒண்ணுக்கு 150 ரூபா. நேத்து வரைக்கும் 1,500 ரூபா என் அக்கவுண்டுக்கு வந்திருச்சு. உண்மையா வந்திருச்சு. ஒரு பைசா நான் குடுக்கல. சும்மா வீட்ல படுத்துக்கிட்டே செய்றேன். இத எப்பிடி மோசடின்னு சொல்றீங்க?

ஹெடர் பார் (தெமட்டகொட)

சும்மா சொல்றேன் அண்ணே, அந்த 1,500 தூண்டில்ல இருக்கிற புழு. அடுத்தது என்ன வரும் எண்டு நான் சொல்றேன், சரியா பாருங்க. உங்களை "விஐபி" குரூப் ஒண்டுக்கு மாத்துவாங்க. அங்க ப்ரீபெய்ட் டாஸ்க் எண்டு இருக்கும், 5,000 போட்டா அரை மணித்தியாலத்தில 6,500 வரும், அதுவும் உண்மையாவே வரும். பிறகு 30,000. அதுக்குப் பிறகு "கொம்போ டாஸ்க்", நடுவில நிப்பாட்ட ஏலாது, பெலன்ஸ் மைனஸ்ல காட்டும், முடிக்கிறதுக்கு இன்னும் லட்சம் போடணும். எடுக்கப் போனா டெக்ஸ் கட்டு, கிரெடிட் ஸ்கோர் குறைஞ்சிட்டு அதுக்கு கட்டு. குரூப்ல "எனக்கு வந்திட்டு, தேங்க் யூ மேடம்" எண்டு போடுற எல்லாரும் அவங்கட ஆக்கள்தான்.

இது இங்க மட்டும் நடக்கிற விஷயமும் இல்ல. அமெரிக்காவில நுகர்வோர் பாதுகாப்பைப் பாக்கிற அரச நிறுவனம் எஃப்டிசி குடுத்த கணக்குப்படி இந்த டாஸ்க் மோசடி முறைப்பாடு 2020ல ஒண்டும் இல்ல, 2023ல 5,000 அளவு, 2024ட முதல் ஆறு மாசத்தில மட்டும் 20,000 அளவு. இங்கயும் 2024 ஜூன்ல நீர்கொழும்பு, மாதிவெல, தலங்கம பக்கம் வீடுகள் எடுத்து ஒன்லைன் மோசடி செய்தாங்க எண்டு 60 இந்தியர்களை சிஐடி பிடிச்சது ஞாபகம் இருக்கா, அந்தக் கேஸ் தொடங்கினதே வட்ஸ்அப் குரூப்ல சேர்த்து சோஷல் மீடியா வேலைக்கு காசு எண்டு சொன்னதில ஏமாந்த ஆள் ஒருத்தர் குடுத்த முறைப்பாட்டில.

கிளியரிங் மாமா (தெஹிவளை)

சும்மா சொல்றேன் தம்பி, ஒரு சின்ன வேலை செய்து பாருங்கோ. அந்த 1,500 ஆர்ட அக்கவுண்டில இருந்து வந்தது எண்டு பேங்க் அப்பில பாருங்கோ. கொம்பனிப் பேர் இருக்கா, ஆள் பேர் இருக்கா?

சும்மா சொல்றேன் (கொட்டாஞ்சேனை)

பாத்தேன். மூணு தடவ வந்திருக்கு, மூணும் வேற வேற ஆளு பேரு. ஒண்ணு பொம்பள பேரு.

கிளியரிங் மாமா (தெஹிவளை)

அந்தப் பொம்பிளைதான் கடற்கரைவீதிட தங்கச்சி மாதிரி வேலை கிடைச்சது எண்டு நினைச்ச இன்னொரு பிள்ளையா இருக்கும். ரெண்டு ஈமெயிலும் ஒரே கடை தம்பி. ஒரு பக்கம் உங்களுக்கு ஆசை காட்ட காசு வேணும், மற்றப் பக்கம் அந்தக் காசு போய்வர அக்கவுண்ட் வேணும்.

ஓஃபர் லெட்டர் (பம்பலப்பிட்டி)

நான் ஒரு கொம்பனில எச்ஆர். வீட்டில இருந்து வேலைக்கு நாங்களும் ஆள் எடுக்கிறோம், அதால வீட்டில இருந்து வேலை எண்டாலே பொய் எண்டு யாரும் நினைக்காதீங்க. ஆனா ஒழுங்கான இடம் எண்டா ஒருத்தராவது உங்கட முகத்தைப் பாத்து வீடியோ கோல்ல கேள்வி கேப்பாங்க, டெஸ்ட் ஒண்டு குடுப்பாங்க, அப்பொய்ன்ட்மென்ட் லெட்டர் வரும். இலங்கைக் கொம்பனில நிரந்தர வேலை எண்டா அதில ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கதை இருக்கும், உங்கட சம்பளத்தில 8 வீதம் வெட்டுவாங்க, கொம்பனி 12 வீதம் போடும், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) எண்டு கொம்பனி 3 வீதம் வேற போடும். ஈபிஎஃப் நம்பர் என்ன எண்டு திருப்பிக் கேட்டுப் பாருங்க, நிறைய ஈமெயில் அதோட செத்துப் போகும்.

பேங்க் டீட்டெய்ல்ஸ் நாங்களும் கேப்போம். லெட்டர்ல சைன் வெச்ச பிறகு, சம்பளம் போடுறதுக்கு. அந்த அக்கவுண்டுக்கு சல்லி வரும், அதோட எங்கட வேலை முடிஞ்சு. வந்த சல்லியை வேற ஆளுக்கு அனுப்பு எண்டு எந்தக் கொம்பனியும் ஸ்டாஃப்கிட்ட சொல்லாது, கொம்பனிக்கு எண்டு அக்கவுண்ட் இருக்குதானே!

கொம்பனி ரெஜிஸ்டர் பண்ணினதா எண்டு பாக்கிறதுக்கு கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின்ட வெப்சைட்ல பேரைத் தேடலாம், இல்லாட்டி டி. ஆர். விஜேவர்தன மாவத்தைல சமாகம் மெதுரவுக்கு நேர போகலாம். ஒண்டு மட்டும் கவனம், பேர் அங்க இருந்தா ஈமெயில் அனுப்பினது அவங்கதான் எண்டு அர்த்தம் இல்ல. எங்கட கொம்பனிப் பேரை, லோகோவை போட்டே யாரோ வேலை வித்திருக்கிறான், ஆக்கள் ரிசெப்ஷனுக்கு வந்து லெட்டரைக் காட்டி எப்ப ஜொய்ன் பண்ணணும் எண்டு கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரியும். கொம்பனிட நம்பரை நீங்களே தேடி எடுத்து கோல் பண்ணுங்க, ஈமெயில்ல இருக்கிற நம்பருக்கு இல்ல.

கடற்கரைவீதி (வெள்ளவத்தை)

எல்லாருக்கும் நன்றி. ஹெடர் பார் அண்ணா, ஈமெயில் அட்ரஸ் பாத்தா உண்மையான கொம்பனிட மாதிரித்தான் இருக்கு, கொம்பனிப் பேரோட "கேரியர்ஸ்" எண்டும் சேர்ந்திருக்கு. அதை எப்பிடிப் பாக்கிறது?

ஹெடர் பார் (தெமட்டகொட)

போன்ல ஏலாது, கொம்பியூட்டர்ல ஜிமெயிலைத் திறந்து அந்த மெயில்ல மூணு புள்ளியை அமுக்கினா "ஷோ ஒரிஜினல்" எண்டு வரும். அதில ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்டு, "ரிப்ளை டு" எண்ட இடத்தில வேற அட்ரஸ் இருக்கா. அனுப்பினது கொம்பனிப் பேர்ல, பதில் போறது ஏதோ ஒரு ஜிமெயிலுக்கு எண்டா அதோட முடிஞ்சு. ரெண்டாவது எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எண்டு மூணு இருக்கும், அனுப்பின அட்ரஸ் உண்மையா எண்டு பாக்கிற சோதனைகள், ஃபெயில் எண்டா யாரோ பேரைத் திருடி அனுப்பியிருக்கலாம்.

ஆனா பாஸ் எண்டு இருந்தா நல்லவன் எண்டு நினைச்சிடாதீங்க, இங்கதான் நிறையப் பேர் பிழைவிடுறாங்க. கள்ளன் தானே காசு குடுத்து ஒரு டொமைன் (ஈமெயில் அட்ரஸ்ல @க்குப் பிறகு வாற பேர்) வாங்கினா எல்லாம் பாஸ்தான் வரும். அந்த "கேரியர்ஸ்" சேர்த்த டொமைன் அப்பிடி வாங்கினதா இருக்கலாம். ஹூஇஸ் தேடல்ல அந்த டொமைனைப் போட்டா எப்ப பதிஞ்சது எண்டு வரும். கொம்பனி 1990கள்ல தொடங்கினது எண்டு பெருமையா எழுதியிருக்கும், டொமைன் போன மாசம் வாங்கினதா இருக்கும்.

கடற்கரைவீதி (வெள்ளவத்தை)

பாத்தன். எல்லாம் பாஸ். டொமைன் வாங்கி அஞ்சு கிழமைதான் ஆகுது. 😑

இடியப்பத் தட்டு (வத்தளை)

இந்த இழையில இல்ல, பொதுவா எல்லா இடத்திலயும் பாக்கிறேன், ஏமாந்த ஆக்களை பேராசை எண்டு சொல்லுவாங்க. எனக்கு கோவம் வரும். ரெண்டு பிள்ளைகளை ஸ்கூலுக்கு விட்டு கூட்டிட்டு வந்து, மாமியாரைப் பாத்து, அதுக்கு நடுவில நாலு மணித்தியாலம் கிடைக்குது, அந்த நாலு மணித்தியாலத்துக்கு வேலை குடுக்கிற இடம் கொழும்பில எங்க இருக்கு சொல்லுங்க பாப்போம். அதைத்தானே அவன் ஈமெயில்ல எழுதுறான், பிள்ளைகளைப் பாத்துக்கிட்டே செய்யலாம் எண்டு. எங்களுக்கு என்ன தேவை எண்டு அவனுக்குத் தெரிஞ்ச அளவு ஒழுங்கான கொம்பனிகளுக்குத் தெரியல்ல.

சரி அதை விடுங்க. என்ட ஃப்ரெண்ட் ஒராள் டைப்பிங் வேலை எடுத்தா, பிடிஎஃப் பாத்து டைப் பண்ணிக் குடுக்கிறது. முதல்ல அக்ரீமெண்ட் ஒண்டு சைன் பண்ண வெச்சாங்க. முடிச்சுக் குடுத்த பிறகு பிழை கூட, அக்குரசி 90 வீதம் வரல்ல, அக்ரீமெண்டை மீறிட்டீங்க, நட்டஈடு 48,000 கட்டுங்க, இல்லாட்டி கேஸ் எண்டு லோயர் லெட்டர் ஈமெயில்ல வந்திருக்கு. கோர்ட் சீல் எல்லாம் இருக்கு. அவள் புருஷனுக்குத் தெரியாம நகை அடகு வைக்கப் போறாளாம்.

ரெண்டாம் குறுக்குத் தெரு (புறக்கோட்டை)

அடகு வெக்க வாணாம் எண்டு இப்பவே கோல் எடுத்து செல்லுங்க!! கடை கேஸ் ஒண்டுக்கு நான் புதுக்கடை கோர்ட்டுக்கு ஏறி இறங்கினவன். கோர்ட் நோட்டீஸ் ஜிமெயில்ல வராது, பிஸ்கால் (கோர்ட் நோட்டீஸ் குடுக்கிற ஆள்) வீட்டுக்கு கொண்டு வருவான் இல்லாட்டி ரெஜிஸ்டர் தபால்ல வரும். கேஸ் நம்பர் ஈந்தா எந்த கோர்ட் எண்டு கேட்டு ரெஜிஸ்ட்ரில விசாரிக்கலாம். இவனுக்கு தேவ பயம் மட்டும் தான், ஒருக்கா கட்டினா திருப்பி வருவான்.

பிட் போடுறவன் (மட்டக்குளி)

ஒரு டவுட். வேலைக்கு காசு கட்டினா மோசடி எண்டு சொல்றீங்க, நான் அப்வேர்க் எண்ட ஃப்ரீலான்ஸ் வேலை சைட்ல வேலை செய்றேன், அங்க பிட் பண்றதுக்கு, அதாவது ஒரு வேலைக்கு விண்ணப்பம் போடுறதுக்கு, கனெக்ட்ஸ் எண்ட டோக்கன் காசு குடுத்துத்தான் வாங்கணும், ஒண்டு 0.15 டொலர். அப்ப அப்வேர்க்கும் மோசடியா? ஹிஹி. வித்தியாசம் என்னண்டா, அது சைட்டுக்குக் கட்டுறது, விலை எல்லாருக்கும் வெளிய தெரியும், வேலை தாற கிளையண்ட் ஒரு சதமும் கேக்க ஏலாது. கிளையண்ட் வந்து "டெலிகிராமுக்கு வா, அங்க பேசுவோம்" எண்டா நான் உடனே ரிப்போர்ட் அடிச்சிடுவேன்.

இன்னொண்டு, சம்பளம் பேபால்ல உன்ட இலங்கை அக்கவுண்டுக்கு போடுறோம் எண்டு எழுதுறவன் இங்க ஆளே எடுத்ததில்ல எண்டு விளங்கிக்கொள்ளலாம். பேபால்ல இங்க காசு எடுக்க வழியில்லாமத்தானே நாங்க எல்லாரும் பேயோனியர் எண்ட இன்னொரு பேமெண்ட் சேர்விஸைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறோம்.

புதியவர் 7731

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

நிர்வாகி

மேல நீக்கின பதிவில "நானும் 4 லட்சம் இழந்தேன், இந்த வட்ஸ்அப் நம்பரில் உள்ள ஹேக்கர் முழுவதையும் மீட்டுத் தந்தார்" எண்டு இருந்தது. இப்பிடியான இழை தொடங்கினாலே இவங்க வருவாங்க. இது ரெண்டாவது சுத்து. ஏற்கனவே இழந்த ஆளிட்ட மீட்டுத் தாறன் எண்டு முன்பணம் வாங்குவாங்க. தனிச் செய்தியில வந்தாலும் எங்களுக்கு அறிவியுங்க.

சும்மா சொல்றேன் (கொட்டாஞ்சேனை)

இன்னைக்கு காலைல விஐபி குரூப்ல சேத்துட்டாங்க. ஹெடர் பார் சொன்ன அதே 5,000. அச்சு பிசகாம அதே மெசேஜ். வெளிய வந்துட்டேன், ப்ளொக்கும் பண்ணிட்டேன். ஆனா அந்த 1,500அ நான் திருப்பிக் குடுக்க மாட்டேன், லைக் போட்டு வெரலு வலிச்சதுக்கு.

கடற்கரைவீதி (வெள்ளவத்தை)

அவசரம். தங்கச்சி இப்பதான் சொல்றா, நான் இங்க போட முதலே ஐசி போட்டோவும் அக்கவுண்ட் நம்பரும் அனுப்பியாச்சாம். பேச்சு விழும் எண்டு சொல்லேல்ல. இப்ப பின்னேரம் அவட அக்கவுண்டுக்கு 62,000 ரூபா வந்திருக்கு. ஈமெயிலும் வந்திருக்கு, உடனே 58,900 ஐ இந்த அக்கவுண்டுக்குப் போடுங்கோ, ஆறு மணிக்கு முதல் போடாட்டி பொலிஸ் கம்ப்ளெய்ண்ட் எண்டு. கோல் மேல கோல். அம்மா அழுறா, காசைத் திருப்பி அனுப்பிவிடு, சனியன் போகட்டும் எண்டு. அனுப்பவா?

கிளியரிங் மாமா (தெஹிவளை)

அனுப்பாதேங்கோ! வந்த அக்கவுண்டுக்கே திருப்பி எண்டாலும் நீங்களா அனுப்பாதேங்கோ. ஒரு ரூபா தொடவும் வேண்டாம். அந்தக் காசு அக்கவுண்டில இருக்கும்வரைக்கும் தங்கச்சி பக்கம் நியாயம் இருக்கு, அவ அதைத் தள்ளிவிட்ட நிமிசம்தான் சிக்கல் தொடங்குது. கள்ளக் காசைக் கைமாத்தி நல்ல காசாக் காட்டுறதுக்கு எதிரா 2006ல வந்த காசுத் தூயதாக்கல் தடைச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, சின்ன விஷயம் இல்ல.

இப்ப பேங்க் ஹொட்லைனுக்கு அடிச்சு, எனக்குத் தெரியாத காசு வந்திருக்கு எண்டு சொல்லி, கதைச்ச ஆளிட்ட ரெஃபரன்ஸ் நம்பர் வாங்குங்கோ. நாளைக்குக் காலமை பிராஞ்ச் திறக்க தங்கச்சியும் நீங்களும் போய் எழுத்தில குடுங்கோ. அங்கயிருந்து நேர பொலிசுக்குப் போய் என்ட்ரி போடுங்கோ. ஈமெயில் ஒண்டையும் அழிக்க வேண்டாம், கோபத்தில அவனுக்குப் பதிலும் எழுத வேண்டாம்.

ஹெடர் பார் (தெமட்டகொட)

இணையப் பாதுகாப்பைப் பாக்கிற இலங்கை சேர்ட்டுக்கும் 101ல சொல்லுங்க. ஐசி போட்டோ போயிருக்கிறதால அவட பேர்ல சிம் ஏதாவது எடுத்திருக்கிறாங்களா எண்டு ஒவ்வொரு நெட்வேர்க்லயும் கேளுங்க, கொஞ்ச நாள் கழிச்சு கிரிப் ரிப்போர்ட் (ஒராளிட கடன் விபர அறிக்கை) எடுத்து அவட பேர்ல லோன் ஏதும் இருக்கா எண்டும் பாருங்க. அதே ஈமெயில் பாஸ்வேர்டை வேற எங்கயும் பாவிச்சிருந்தா மாத்துங்க. இண்டைக்கே.

கடற்கரைவீதி (வெள்ளவத்தை)

பேங்குக்குப் போட்டு வந்திட்டம். மனேஜர் நல்ல மனுசன், தங்கச்சியைப் பேசேல்ல. அக்கவுண்டை ஹோல்ட் பண்ணியிருக்கினம். காசு வந்தது அநுராதபுரம் பிராஞ்ச் ஒண்டில இருந்தாம், மற்றதொண்டும் சொல்லேலாது எண்டிட்டார். ஆறு மணி தாண்டின பிறகு கோலும் நிண்டுட்டுது. இப்ப பொலிசுக்குப் போகப் போறம். மாமா, லெட்டரில என்ன எழுதினா நல்லம் எண்டு சொல்லுங்கோ, பேங்கில அவசரத்தில நாலு வரிதான் எழுதிக் குடுத்தது.

கிளியரிங் மாமா (தெஹிவளை)

பெரிசா ஒண்டும் வேண்டாம். வேலைக்கு எண்டு ஈமெயில் வந்த திகதி, எந்த அட்ரசில இருந்து, என்னென்ன அனுப்பினனீங்கள், காசு வந்த திகதி, நேரம், தொகை, ட்ரான்ஸாக்ஷன் நம்பர், அந்தக் காசு எனக்கு உரியது இல்லை, நான் அதில ஒண்டும் எடுக்கேல்ல, ஆருக்கும் அனுப்பேல்ல, உரிய ஆளுக்குப் போகச் செய்யுங்கோ. ஹொட்லைன் ரெஃபரன்ஸ் நம்பரையும் போடுங்கோ. ரெண்டு கொப்பி, ஒண்டில சீலும் திகதியும் வாங்கி உங்களிட்ட வையுங்கோ. பேங்குக்கும் அதே மாதிரி இன்னொண்டு குடுங்கோ, நாலு வரி காணாது.

பொலிசில ஸ்டேட்மென்ட் தமிழில குடுக்க உங்களுக்கு உரிமை இருக்கு. தமிழ் எழுதுற ஆள் இப்ப இல்லை எண்டு சிங்களத்தில எழுதிப்போட்டு சைன் வைக்கச் சொன்னா, வாசிச்சு விளங்காம தங்கச்சியை வைக்க விடாதேங்கோ. "காசு பெற்றுக்கொண்டேன்" எண்டதுக்கும் "காசு வந்திருந்தது" எண்டதுக்கும் பிறகு கோர்ட்டில பெரிய வித்தியாசம். சிங்களம் நல்லா வாசிக்கிற ஆள் ஒராளைக் கூட்டிக்கொண்டு போங்கோ.

ரெண்டாம் குறுக்குத் தெரு (புறக்கோட்டை)

வெள்ளவத்த பொலிஸ் தானே, எத்தின மணிக்கு போறீங்க? நான் மூணு மணிக்கு அந்தப் பக்கம் தான் டெலிவரிக்கு வாரன், சிங்களம் வாசிப்பன். தனிச் செய்தி போடுங்க.